பைனாகுலரைத் தின்ற கொசு விரட்டி: நான்கு ஆண்டு அனுபவம்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பைனாகுலரை மேலுறை மாற்றி வாங்கி வந்த அன்றே, வால்பாறைக்குப் பறவை பார்க்கக் கிளம்பும் நண்பர் ஒருவர், நான் பயன்படுத்தும் 30 விழுக்காடு டீட் (DEET) என்னும் வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி ஸ்பிரேயைத் தானும் வாங்கலாமா என்று கேட்டார். வேறொரு நாளில் கேட்டிருந்தால் என் பதிலில் நிதானம் கூடியிருக்கும்.

விரட்டும் வேலையில் எனக்குக் குறையில்லை. தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையில் மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தாலும் கொசு அண்டியதில்லை. காலுறையின் மேல் அடித்துக்கொண்டால் அட்டைகளும் பெரும்பாலும் ஒதுங்கிப் போயின.

ஆனால் டீட், பல பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும் கரைப்பானும்கூட. அமெரிக்க ராணுவத்துக்காக 1946இல் உருவாக்கப்பட்டு 1957இல் பொதுமக்களின் கைக்கு வந்த பொருள் இது. இத்தனை காலம் கழித்தும் அந்த எச்சரிக்கை என் குப்பியில் மூக்குக்கண்ணாடியில்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில்தான் இருந்தது. அந்த மூக்குக்கண்ணாடியின் பாலிகார்பனேட் வில்லையும் டீட்டுக்குத் தப்பாது என்பது தனி வேடிக்கை. தேய்த்த ஈரம் காயுமுன் பைனாகுலரை எடுத்து எடுத்து, விரல் பதியும் இடங்களிலெல்லாம் உறை பிசுபிசுத்து, பிறகு தோலுரிந்தது. பையின் மேல் அறையில் ஒருமுறை கசிந்தபோது தலைவிளக்கின் முகப்பு பனி படிந்தாற்போல் நிரந்தரமாக மங்கிவிட்டது. அதே கசிவில் நனைந்த பருத்தித் துண்டுக்கும் நைலான் பைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாலிஎத்திலீன் குப்பியோ புதுக்கருக்கு மாறாமல் நிற்கிறது.

இப்போது குப்பியை இறுக மூடும் பாலித்தீன் உறையிலிட்டு, பையின் வெளிப்புற வலையறையில் நிமிர்த்தி வைக்கிறேன். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சேர்ப்பதில்லை, ஆல்கஹால் கலந்தது என்பதால் அடுப்பின் அருகிலோ வெயிலில் நிற்கும் காரிலோ விடுவதில்லை. வெயில் தடுப்புக் களிம்பை முதலில் பூசிக் காயவிட்ட பிறகே இதைத் தொடுகிறேன். புறங்கையில் அடித்து, அந்தப் புறங்கையாலேயே கழுத்திலும் முன்கையிலும் தேய்த்துக்கொண்டால் உள்ளங்கை சுத்தமாக இருக்கும். இந்தச் சிறு பழக்கம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் பைனாகுலரின் உறை பிழைத்திருக்கும்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றும், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத 20 விழுக்காடு பிகாரிடின் என்னும் வேறு மருந்து கலந்த கொசு விரட்டியைத் தேடி வாங்கும்படியும் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். நான் மட்டும் அடுத்த மாதம் இதே டீட்டோடுதான் போகிறேன், அரைக்குப்பி மீதமிருக்கிறது.