நிலவொளியில் சியோலின் கிழக்கு வாயில்: ஒரு நகலை வாங்கிப் பார்த்தபின்

எலிசபெத் கீத்தின் ‘நிலவொளியில் சியோலின் கிழக்கு வாயில்’ என்ற மரச்செதுக்கு அச்சோவியத்தின் நகல் ஒன்றை இணைய விற்பனையாளர் ஒருவரிடம் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டைக்குழலில் சுருட்டி, ஓரம்கூட மடங்காமல், எட்டாம் நாள் வந்து சேர்ந்தது. பொதி கட்டியதில் குறை சொல்வதற்கில்லை.

விரித்ததும் கண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்த நீலம். இரவின் நீலத்தில் அமிழ்ந்து நிற்கும் அக்கோட்டை வாயிலை எதிர்ச்சுவரில் மாட்டினால் அறையே குளிர்ந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. வண்ணம் மங்காமல் அச்சாகியிருப்பதை விற்பனையாளருக்குச் சாதகமாகவே எழுத வேண்டும்.

ஆனால் விற்பனைப் பக்கத்தில் இருந்த ‘மர அச்சு’ என்ற சொல்லை நம்பித்தான் நான் வாங்கினேன். ஸ்காட்லாந்தில் 1887இல் பிறந்த கீத், 1915இல் டோக்கியோவிலிருந்த சகோதரியைப் பார்க்கப் போய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டவர். விடுதலைக் கிளர்ச்சி வெடித்த 1919இல் கொரியாவுக்குச் சென்று நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். அவற்றைக் கண்ட பதிப்பாளர் வதனபே ஷோசாபுரோவின் தூண்டுதலால்தான் இந்தக் கிழக்கு வாயில் மர அச்சாக வெளிவந்தது. ஓவியர் தீட்டியதைச் செதுக்குபவர் செர்ரி மரப்பலகைகளில் வெட்டியெடுக்க, அச்சிடுபவர் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே பூசி, காகிதத்தை அதன்மேல் பரப்பி, ‘பாரன்’ எனப்படும் வட்டத் தேய்ப்பானால் முதுகுப்புறத்தை அழுத்தித் தேய்ப்பார். காகித முசுக்கட்டை மரப்பட்டையின் நாரால் செய்த அந்தத் தாளுக்குள் வண்ணம் ஊறி இறங்குவதால், நல்ல படியைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்திலும் நிறத்தின் கசிவும் தேய்ப்பானின் சுழித்தடமும் தெரியும்.

எனக்கு வந்த தாளின் பின்புறம் சுத்த வெள்ளை. முன்புறத்தை உருப்பெருக்கியில் வைத்தபோது, ஒரே பரப்பாக இருக்க வேண்டிய நீலம் ஊதாவும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாகச் சிதறியது. இது கணினி அச்சு. அதை அப்படியே சொல்லி விற்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை, ஏனெனில் மூலப்படியை வாங்க என்னைப் போன்றவர்களின் பணப்பை இடம்தராது. அடியோர வெள்ளையை ஒட்ட வெட்டியிருப்பதுதான் கூடுதல் எரிச்சல். கீத் தம் அச்சுகளில் பென்சிலால் கையொப்பமிடுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். அதுவும் போய்விட்டபின், யார் வரைந்தது என்பதைச் சொல்ல இந்தத் தாளில் எதுவும் மிஞ்சவில்லை.

போதாக்குறைக்கு, விளக்கத்தில் ‘பழைய ஜப்பானியக் கோயில்’ என்று எழுதியிருந்தார்கள். இது சியோலின் ஹுங்கின்ஜிமுன்; 1398இல் எழும்பி 1869இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட நகர வாயில். ஜப்பானின் ஆட்சியில் கொரியா இருந்த நாளில் வரையப்பட்ட படத்துக்கு இப்படியொரு தலைப்பு வைப்பதைச் சின்னத் தவறென்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

இரண்டையும் குறிப்பிட்டு விற்பனையாளருக்கு எழுதினேன். மறுநாளே ‘ஜப்பானியக் கோயில்’ என்பதை எடுத்துவிட்டுச் ‘சியோல்’ என்று திருத்தினார்கள். ‘மர அச்சு’ என்ற சொல் மட்டும் இதை எழுதும்வரை அப்படியே இருக்கிறது. சுவருக்கு ஒரு நல்ல நீலம் போதும் என்பவர்கள் வாங்கலாம். மர அச்சைத் தேடுகிறவர்கள், பின்புறத்தின் நிழற்படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.