மாருதி 800-இல் ஸ்டீரியோ மாற்றிய அனுபவம்

என்னுடையது 2004 மாடல் மாருதி 800. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே ஒரு கேசட் பிளேயர், முன் கதவுகளில் 4 இன்ச் ஸ்பீக்கர், பின்னால் பார்சல் ட்ரேயில் பெரிய ஓவல் ஜோடி என்று பழைய ஓனர் போட்ட செட் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மாற்றி, அதோடு சில வருடங்களும் ஓட்டியாகிவிட்டது. பழைய வண்டிக்கு என்ன செட் போடலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: காசை முதலில் ஒயரிங்கிலும் முன் கதவிலும் போடுங்கள். பிளேயர் அப்புறம். ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம்.

ஸ்கிரீன் ஏன் வேண்டாம்? இந்த டேஷ்போர்டில் பிளேயருக்கு இருப்பது சிங்கிள் டின் அளவு இடம், அதாவது அகலம் 180, உயரம் 50 மில்லிமீட்டர். ஆண்ட்ராய்டு ஸ்கிரீன்களில் பெரும்பாலானவை 100 மில்லிமீட்டர் உயரம் கேட்கும். சென்னையில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜி.பி. ரோட்டில் கடைக்குக் கடை “அறுத்து ஃபிட் பண்ணிடலாம் சார்” என்றுதான் சொன்னார்கள். அறுத்தது அறுத்ததுதான். 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, நல்ல டேஷ்போர்டுக்குப் பழைய சாமான் கடைகளில்தான் அலைய வேண்டும். மேப் பார்க்கப் போன் ஹோல்டர் போதும். நான் எடுத்தது பயனியரின் சிடி இல்லாத சிங்கிள் டின். ப்ளூடூத், யூஎஸ்பி, திருகுவதற்கு ஒரு வால்யூம் குமிழ். சிடி மெக்கானிசம் இல்லாததால் தூசியில் லென்ஸ் போகுமோ என்ற கவலையும் இல்லை.

பெட்டியில் “50 வாட்ஸ் x 4” என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள், 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட் வருகிறது. கணக்குப் போட்டால் உள்ளே போவதே 140 வாட்ஸ் சொச்சம், இதில் 200 எப்படி வெளியே வரும்? ஸ்பீக்கருக்கு நிஜமாகக் கிடைப்பது ஆளுக்கு இருபது வாட்ஸ் அளவுதான். அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது எத்தனை வாட்ஸ் தாங்கும் என்பதைவிட சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்கள், அதாவது அதே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை. 3 டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு பவர் கொடுத்த மாதிரி. 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே ஓட்டிவிடலாம்.

ஒயரிங்கில் எனக்குக் கடுப்புதான் மிச்சம். முதலில் மாட்டிக்கொடுத்த கடையில் பிளேயரின் மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கிச் சாவி லைனில் கொடுத்துவிட்டார்கள். சாவியை எடுத்தால் கடிகாரம், ஸ்டேஷன், ஈக்வலைசர் எல்லாம் அழிந்துவிடும். மஞ்சள் நேராக பேட்டரி லைனுக்கும், சிவப்பு மட்டும் சாவிக்கும் போக வேண்டும். போதாக்குறைக்கு வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள். சென்னை வெயிலில் அந்தப் பசை உருகி, டேப் தானாகப் பிரிந்து தொங்கியது. பிறகு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் எல்லாவற்றையும் பிரித்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கறுப்பு ஒயரைப் பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் முடுக்கினார். அன்றோடு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்த “ஙீ...” சத்தமும் நின்றது.

கதவு வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பின்னால் ஒரு சின்ன கிளிப் இருக்கும். பழைய துணியை இடுக்கில் கொடுத்து இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் “டிக்” என்று தெறித்துவிடும். விழும் இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், சீட்டுக்கடியில் போனால் தேடி மாளாது. டோர் பேடைக் கழற்றினால் உள்ளே வெறும் தகடு, தட்டினால் டங்கென்று தகர டப்பா மாதிரி சத்தம். அதில் பியூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ரப்பர் மாதிரி ஒட்டும் ஷீட்) அழுத்தி ஒட்டினால் அந்த டங் செத்துப்போகும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள், துரு பிடித்துவிடும். டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பாலித்தீன் ஷீட்டைக் கிழித்துப்போடாமல் திரும்ப ஒட்டுங்கள். கண்ணாடியை முழுசாக இறக்கி, ஸ்பீக்கர் காந்தம் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் ஒயரில் ப்ளஸ் மைனஸ் குழம்பினால் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கலாம், சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பேஸ் காணாமல் போய்விடும். எல்லாம் முடித்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழமான பேஸ் முன் ஸ்பீக்கருக்குப் போகாமல் பிளேயர் செட்டிங்கில் வெட்டிவிட்டேன். தவிலின் அடி பின்னாலிருக்கும் ஓவலில் வருகிறது, நாதஸ்வரம் முன்னால் கதவிலிருந்து தெளிவாகக் கேட்கிறது. அதே செட்டில் ரொம்பச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 போட்டால் மட்டும் தகரம் உரசுவது போல இருக்கும், இவ்வளவு நாள் எப்படிக் கேட்டேனோ.

பேஸுக்கென்று தனியாக வரும் சப் ஊஃபர் போடவில்லை. டிக்கியே கையளவு, அதில் பெட்டி வைத்தால் காய்கறிப் பைக்கு இடமில்லை. மூன்று சிலிண்டர் எஞ்சின் 80-ஐத் தொட்டாலே டயர் சத்தமும் காற்றும் சேர்ந்து பாதிப் பாட்டை விழுங்கிவிடுகின்றன. அதனால் இந்த வண்டியில் விலை உயர்ந்த காம்போனென்ட் செட் (ட்வீட்டர் தனியாக வரும் ஸ்பீக்கர் ஜோடி) போடுவதும் வீண்.

இன்னும் தீராத ஒன்று எஃப்எம். லைட்டர் சாக்கெட்டில் மலிவு சார்ஜர் செருகினால் 101.4-இல் இரைச்சல், பிடுங்கினால் சுத்தம். நல்ல சார்ஜர் வாங்கியதில் பெருமளவு குறைந்தது. மிச்சத்துக்கு ஆன்டெனா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும், அடுத்த சர்வீஸில்.