தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுப் போவதா, எழுப்பித் தூக்கிக்கொண்டு போவதா?

அரை மணி நேரம் அழுது, முனகி, இப்போதுதான் பின் சீட்டில் குழந்தை கண் அயர்ந்திருக்கிறது. மருந்துக் கடை வாசலிலேயே கார் நிற்கிறது. ஒரே ஒரு மருந்து, இரண்டே நிமிஷம். எழுப்பினால் வீடு போய்ச் சேரும்வரை அழுகைதான். சின்னக் குழந்தையோடு கார் ஓட்டுகிற யாரும் ஒரு நாளாவது இந்த யோசனையில் மாட்டியிருப்பார்கள். காரில் விட்டுப் போனவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான்.

என் மகனுக்கு இரண்டரை வயது இருந்தபோது நானும் விட்டுப் போயிருக்கிறேன். காலை பத்து மணி, கொளுத்தும் வெயில்கூட இல்லை, கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைத்தேன். கடையில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான். அவருடைய மருந்துச் சீட்டில் ஏதோ குழப்பம், கடைக்காரர் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், அது முடிந்து என் முறை வந்தால் கார்டு மிஷின் மக்கர் செய்தது. திரும்பி வரும்போது பதினான்கு நிமிஷம் ஆகியிருந்தது. அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது, சட்டையின் முதுகுப்பக்கம் மொத்தமும் ஈரம், பெல்ட்டை அவிழ்க்கப் போன என் விரலில் அந்த உலோகக் கொக்கி சுரீரென்று சுட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு நிமிஷம் என்று நான் நினைத்தது பதினான்கானபோது அதில் ஒரு நிமிஷத்தைக்கூட என்னால் குறைக்க முடியவில்லை. இன்றும் உறுத்துவது அதுதான்.

முதலில் பலரும் செய்வது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போவது. காற்று போய் வரும் என்ற நம்பிக்கை. 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் வெயில் அடித்த 16 நாட்களில் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்தார்கள், அந்த நாட்களில் வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி ஏறியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை நான்கு சென்டிமீட்டர் இறக்கி வைத்துப் பார்த்தபோதும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வெளியே வெறும் 22 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, வெயில் அடித்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே 47 டிகிரியைத் தொடலாம். காரணம் எளிது. கண்ணாடி வழியே வரும் வெயில் டேஷ்போர்டையும் சீட்டையும் சூடாக்குகிறது, அவை உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன, அந்தச் சூடு வெளியேற வழியில்லை. இரண்டு விரல் இடைவெளி அதற்குப் போதாது.

சரி, நிழலில் நிறுத்தினால்? உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 2018-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், கடும் கோடையில் வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 47 டிகிரி வந்தது, நிழலில் நின்ற காரில் 38. அதே கணக்கை ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் உடலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். வெயிலில் சுமார் ஒரு மணி நேரத்திலும், நிழலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் உடல் வெப்பம் ஆபத்தான 40 டிகிரியை எட்டிவிடும் என்று வந்தது. குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். நமக்குப் புழுக்கமாக இருப்பது அவர்களுக்குப் புழுக்கம் மட்டும் இல்லை. அந்த மருந்துக் கடை சம்பவத்துக்கு அடுத்த வாரம் நானே காரை அணைத்துவிட்டு, கண்ணாடியை அதே இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஏழாவது நிமிஷம் கதவைத் திறந்துவிட்டேன். எனக்குக் கதவு திறக்கத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அடுத்தது, இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போவது. இதைச் செய்பவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் செய்கிறார்கள். வெப்பம்தானே பிரச்சினை, ஏசி அதைத் தீர்த்துவிடுகிறதே என்கிறார்கள். இன்ஜின் ஓடும்வரை அது உண்மைதான். ஆனால் பட்டனில் ஸ்டார்ட் ஆகிற சில கார்களில் சாவி உள்ளே இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாகவே அணைந்துவிடும். ஏசி கோளாறானால் சூடான காற்று வரும், கடைக்குள் நிற்கும் உங்களுக்கு அது தெரியாது. மூடிய ஷெட்டிலோ, காற்றோட்டம் இல்லாத பேஸ்மென்ட் பார்க்கிங்கிலோ ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. அப்புறம், பெல்ட்டிலிருந்து நழுவத் தெரிந்த மூன்று வயதுக் குழந்தைக்கு முன் சீட்டு ஒரு விளையாட்டு மைதானம். கியர், ஹேண்ட்பிரேக், ஜன்னல் சுவிட்ச் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தலையை வெளியே நீட்டியபடி முழங்காலால் ஜன்னல் சுவிட்ச்சை அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஓடுகிற நிலையில் நிற்கும் காரைக் கிளப்பிக்கொண்டு போகிற திருடன் பின்னால் குழந்தை இருப்பதைக் கவனிக்காமலேகூடப் போகலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை 15 நிமிஷத்துக்கு மேல் தனியே விடக் கூடாது என்று சொல்லும் சட்டமே, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிஷம்கூட விடக் கூடாது என்கிறது. ஏசி போட்டால் பாதுகாப்பு என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது, பாருங்கள்.

மூன்றாவது, மூத்த பிள்ளையைக் காவலுக்கு வைப்பது. கலிபோர்னியா சட்டத்தில் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தையோடு இருப்பவருக்குக் குறைந்தது 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும். எனக்கும் அந்த வயது சரியென்றே படுகிறது. எட்டு வயது அண்ணன் தங்கைக்குத் துணையாக இருப்பான், பொறுப்பாக இருக்க முடியாது. அவள் அழ ஆரம்பித்தால் அவனும் சேர்ந்து அழுவான்.

இப்போது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது. இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். வண்டிகள் பின்னால் எடுக்கிற இடத்தில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை, தோளில் இன்னொரு பை என்று நடப்பதும் ஆபத்துதான், குள்ளமான குழந்தை ரிவர்ஸ் எடுப்பவரின் கண்ணில் படவே படாது. தனியே விடுவதை ஆதரிப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 2016-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு ஒன்றும் அவர்கள் பக்கம் இருக்கிறது. குழந்தை தனியே இருக்கும் ஒரே சூழலைச் சொல்லி, பெற்றோர் விட்டுப்போன காரணத்தை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். தற்செயலாக நேர்ந்தது என்றால் ஆபத்து குறைவு என்றும், வேண்டுமென்றே விட்டார்கள் என்றால் ஆபத்து அதிகம் என்றும் மக்கள் சொன்னார்கள். அதாவது அந்தப் பெற்றோர் மேல் வருகிற கோபமும் சேர்ந்துதான் ஆபத்தை அளக்கிறது. புள்ளிவிவரமும் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் 1998 முதல் காரின் வெப்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள்போல இறந்திருக்கிறார்கள். அதில் பாதிக்கும் மேல் பெற்றோர் மறந்துபோய் விட்டவை, சுமார் கால் பங்கு குழந்தை தானாகவே காருக்குள் ஏறி மாட்டிக்கொண்டவை, தெரிந்தே விட்டுப் போனது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் சின்னக் குழந்தை விஷயத்தில் நான் தூக்கிக்கொண்டு போகிற பக்கம்தான். பார்க்கிங்கில் நடக்கிற ஆபத்து என் கண் முன்னால் இருக்கிறது, குழந்தையின் கை என் கைக்குள் இருக்கிறது, வண்டி வந்தால் நிற்கலாம், ஒதுங்கலாம். காரில் விட்டுவிட்டு வரிசையில் நிற்கும்போது என்னிடம் இருப்பது ஒரு கணக்கு மட்டும்தான், அந்தக் கணக்கை முன்னால் நிற்பவரின் மருந்துச் சீட்டு மாற்றிவிடும். நான் அங்கேயே மயங்கி விழுந்தால் வெளியே காரில் குழந்தை இருக்கிறது என்று சொல்லக்கூட யாரும் இல்லை.

ஆனால் பெரும்பாலும் இந்த இரண்டுமே தேவைப்படாது. அந்தக் கடைக்கு அப்போதே போகாமல் இருக்கலாம். மாலையில் கணவர் வாங்கி வரலாம், போன் செய்தால் பல கடைகளில் காருக்கே கொண்டு வந்து தருவார்கள். பெரியவர் இருவர் இருந்தால் ஒருவர் இறங்கினால் போதும். குழந்தையை ஏற்றுவதற்கு முன்பே பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். இதில் எதுவுமே எனக்கு அந்த நாள் தோன்றவில்லை. மருந்து சாயங்காலத்துக்குத்தான் தேவைப்பட்டது.

பெரிய பிள்ளைகள் கதை வேறு. பத்து வயதுப் பிள்ளையை இதமான நேரத்தில், இன்ஜினை அணைத்து, கண்ணில் படும் இடத்தில் ஐந்து நிமிஷம் விட்டுப்போவதைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. இங்கிலாந்தில்கூட இத்தனை வயது என்று சட்டம் கோடு போடவில்லை, குழந்தையை ஆபத்துக்கு உள்ளாக்கினால்தான் குற்றம். நான் வயதைப் பார்ப்பதில்லை, தானாக இறங்கத் தெரியுமா என்று பார்க்கிறேன். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் வீட்டு வாசலில் அவனைப் பின் சீட்டில் உட்காரவைத்து, கார் கதவைச் சாத்தி, திறந்து வா என்றேன். திறக்கவில்லை. கைப்பிடியை இழு இழு என்று இழுத்தான். தங்கைக்காகப் போட்ட சைல்டு லாக் அந்தக் கதவில் அப்படியே இருந்தது, நான் மறந்தே போயிருந்தேன். முன் சீட்டுக்குத் தாவி அந்தக் கதவைத் திறக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே சில நிமிஷம் ஆனது. நீங்களும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள், ரிமோட்டில் பூட்டியும் பாருங்கள், சில கார்களில் அப்படிப் பூட்டினால் உள்ளிருந்து திறக்கவே திறக்காது.

இப்போது அவன் காரில் இருக்கிறேன் என்றால் முன் சீட்டில்தான் உட்காருவான், கதவு பூட்டாமல் இருக்கும், கடை கார் நிற்கிற நடைபாதையை ஒட்டியே இருக்க வேண்டும், கையில் என் பழைய போன். எப்போது தோன்றினாலும் இறங்கி உள்ளே வந்துவிடலாம், யாரும் திட்டமாட்டோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது யாரோ என் புடவையை இழுத்தார்கள். திரும்பினால் அவன். "உள்ளே புழுக்கமா இருந்துச்சும்மா, அதான் வந்துட்டேன்" என்றான். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.