கொக்குவிலில் ஐந்து மணித்தியாலம் தண்ணிக்கு அடியில்: ‘தாஸ் போட்’ முழு நீளப் பதிப்பு

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய சித்தப்பாவின் சூட்கேசுக்குள் வழக்கமான சொக்லேட், கோடாலித் தைலம், வீட்டில் ஒருவருக்கும் அளவில்லாத சேர்ட்டுகள் எல்லாம் இருந்தன. அடியில் ஒரு துவாய்க்குள் சுற்றி இரண்டு டிவிடி அடங்கிய ஒரு பெட்டி. “இது உனக்கு” என்றார். அட்டையில் நீர்மூழ்கிக் கப்பல், ‘தாஸ் போட்’. பார்த்த படம்தானே என்று பெரிய ஆர்வமில்லாமல் வாங்கினேன். திருப்பிப் பின்னட்டையில் ஓடும் நேரத்தைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 293 நிமிடம். பழைய சாமான் சந்தையில் 4 யூரோவுக்கு எடுத்தாராம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய இந்தப் படம் 1981இல் தியேட்டருக்கு வந்தபோது 149 நிமிடம். ஆறு ஒஸ்கார் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. 1997இல் இயக்குநரே திரும்ப உட்கார்ந்து வெட்டி ஒட்டிய பதிப்பு கிட்டத்தட்ட மூன்றரை மணித்தியாலம். இப்போது தேடினால் பெரும்பாலும் அகப்படுவது அதுதான். ஆனால் படம் பிடிக்கும்போதே தொலைக்காட்சித் தொடருக்கும் சேர்த்துத்தான் பிடித்தார்கள். பிபிசி 1984இல் ஆறு பகுதியாகவும், ஜெர்மன் தொலைக்காட்சி 1985இல் மூன்று பகுதியாகவும் போட்டன. அந்தத் தொடரில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வரும் முன்கதைச் சுருக்கத்தை மட்டும் எறிந்துவிட்டு ஒரே ஓட்டமாக ஒட்டியதுதான் இந்த 293 நிமிடம். தியேட்டர் படத்தைவிட 144 நிமிடம் கூட, அதாவது இன்னொரு முழுப் படமே உள்ளே கிடக்கிறது. அந்த 144 நிமிடத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் தட்டைப் பற்றி. டிவிடியை உலகத்தின் எந்தப் பகுதியில் ஓட்டலாம் என்று ஒரு வலய எண் வைத்திருப்பார்கள், ஐரோப்பாவில் விற்பது வலயம் 2, எங்களுடையது 5. மடிக்கணினியில் போட்டால் வலயத்தை மாற்றவா என்று கேட்கும், ஓம் என்று அமத்திவிடாதீர்கள், ஐந்து தடவைதான் மாற்றலாம், பிறகு கடைசியாக வைத்த வலயத்திலேயே பூட்டிக்கொள்ளும். வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய சீன பிளேயர் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓட்டியது. டொச் (ஜெர்மன்) ஒலி, அடியில் ஆங்கில எழுத்து. கதைக்கிற சத்தம் முணுமுணுப்பாகவும் வெடிக்கிற சத்தம் கூரை அதிரவும் வைத்திருக்கிறார்கள், ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் மதில் பாய்ந்து ஓடியது.

பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினோம். நான், சித்தப்பா, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், இடையிடையே அம்மா. இடையில் றோல்ஸ், கச்சான், பிளேன் டீ, தட்டு மாற்ற ஒரு நிறுத்தம். முடிய இரவு பதினொன்றரை.

தொடங்கும் முன் சித்தப்பா ஒரு விஷயம் சொன்னார். 1985இல் அவர் அகதியாகப் போய் இறங்கிய புதிதில், தங்கவைத்திருந்த ஹைமில், அதாவது அகதி விடுதியில், முப்பது பேருக்கு ஒரு டிவி. ஒரு இரவு எல்லாரும் அதைச் சுற்றி இருந்து இந்தத் தொடரைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு சொல் டொச் தெரியாது, “குட்டன் டாக்” மட்டும்தான். “ஆனா ஒண்டும் விளங்காம இருக்கேல்லை தம்பி. அவங்கள் ஏன் ரகசியத்தில கதைக்கிறாங்கள் எண்டு எங்களுக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கேல்லை” என்றார். இப்போது அவர் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வருட டொச் வாயில் இருக்கிறது. இந்தத் தடவைதான் வசனத்தோடு பார்க்கப் போகிறேன் என்று சாய்மனைக் கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

கதை எல்லாருக்கும் தெரிந்த அளவுதான். 1941, பிரான்சின் லா ரொஷெல் துறைமுகம், யு-96 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, ஐம்பது பேரளவு ஆட்கள், அவர்களோடு வெர்னர் என்ற போர் நிருபர். மூலக்கதையை எழுதிய புக்ஹைம் உண்மையிலேயே அந்த வருடம் யு-96இல் நிருபராகப் போனவர்தான். தொடக்கத்திலேயே திரையில் ஒரு வரி வரும்: நீர்மூழ்கிகளில் போன 40,000 ஜெர்மன் மாலுமிகளில் 30,000 பேர் திரும்பவில்லை. அதன்பிறகு குடியும் கூத்துமாய் ஒரு மதுச்சாலைக் காட்சி. இந்தப் பதிப்பில் அது நீளுகிறது, நன்றாகவே நீளுகிறது, மகன் ஃபோனை எடுத்துவிட்டான்.

கப்பல் புறப்பட்ட பிறகுதான் இந்தப் பதிப்பு ஏன் இருக்கிறது என்று விளங்கும். பன்றி இறைச்சித் துண்டுகள் தலைக்கு மேல் தொங்குகின்றன, வலைப் பைகளில் பாண், இரண்டு கழிப்பறையில் ஒன்றுக்குள் சாப்பாட்டுச் சாமான் அடைத்திருப்பதால் ஐம்பது பேருக்கும் மற்றது ஒன்றுதான். எதிரி வரவில்லை. நாள் போகிறது, எதிரி வரவில்லை. பாண் பூஞ்சணம் பிடிக்கிறது. ஊத்தைக் கதை, பழைய கதை, ஒருவன் தின்பதை மற்றவன் முறைத்துப் பார்க்கிறான். புயல் வருகிறது, அது பாட்டுக்கு நாட்கணக்கில் அடிக்கிறது, மேலே காவலுக்குப் போனவர்கள் நனைந்து இறங்குகிறார்கள், அடுத்த நாலு பேர் ஏறுகிறார்கள், அவர்களும் நனைந்து இறங்குகிறார்கள். 149 நிமிடப் படத்தில் இது ஒரு சில நிமிடத்தில் முடிந்து சண்டைக்குப் போய்விடும். இதில் நீங்களும் உள்ளே கிடக்க வேண்டியதுதான்.

போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்த காலத்தில், 2003 இருக்கும், அந்தச் சின்னப் பதிப்பைத்தான் கீறல் விழுந்த விசிடியில் முதலில் பார்த்தேன். விறுவிறுப்பான படம் என்று நண்பர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது யோசித்தால் அது கொஞ்சம் பிழையான பாராட்டு. 1990இல், இங்கே சண்டை நடந்த காலத்தில், எனக்கு ஒன்பது வயது. எங்கள் பங்கர் வளவுக்குள் மாமரத்தடியில், மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. மாரியில் கணுக்கால் அளவு தண்ணி நிற்கும், தேரை இருக்கும். அந்தக் காலத்தை நினைத்தால் குண்டு விழுந்த நேரம் எல்லாம் சேர்த்து எத்தனை நிமிடம் வரும்? மிச்சம் முழுக்க உள்ளே இருந்ததுதான். பெரியாட்கள் ஜாம் போத்தல் விளக்கில் 304 சீட்டு விளையாடினார்கள், யாரோ யாருடனோ தேவையில்லாமல் சண்டை பிடித்தார்கள், எனக்கு எப்போதும் மூத்திரம் வந்தது. சத்தத்தை வைத்தே இது பொம்மர், இது ஹெலி, இது சகடை என்று பிரித்துச் சொல்கிற ஒரு அண்ணை எங்கள் ஒழுங்கையில் இருந்தார். அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் கதையை நிறுத்துவோம். படத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை எங்கோ வைத்து, நாசகாரிக் கப்பலின் விசிறிச் சத்தம் கிட்ட வருகிறதா போகிறதா என்று குசுகுசுக்கிற அந்த ஆளைப் பார்த்ததும் எனக்கு அந்த அண்ணையின் முகம்தான் வந்தது.

அந்தக் கட்டத்தில்தான் அம்மா பிளேன் டீயோடு அறைக்குள் வந்தார். மேலே எதிரிக் கப்பல் நிற்கிறது, ‘டிங்... டிங்...’ என்று ஒலியலை வந்து இரும்பில் தட்டுகிறது, உள்ளே ஒருவரும் அசையவில்லை. அம்மாவுக்குக் கதை தெரியாது, பாஷை தெரியாது. தட்டத்தை மேசைக்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, கீழே சுண்டுவிரலைக் கொடுத்து, சத்தம் வராமல் மேசையில் வைத்தார். நாலு கோப்பை. வைத்துவிட்டு என் காதுக்குக் கிட்டக் குனிந்து, “மேல நிக்கிறவன் போட்டிட்டானோ?” என்று கேட்டார், அதுவும் ரகசியத்தில். இன்னும் இல்லை என்றேன். கதிரையின் நுனியில் இருந்துவிட்டார், பிறகு எழும்பவே இல்லை.

வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உண்மைக் கப்பல் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு ஒடுக்கமாக உள்பக்கத்தைக் கட்டி, ஆட்டுகிற எந்திரத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ கமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கவசமும் உடம்புக்கு மெத்தையும் கட்டி, அந்த ஒடுக்கத்துக்குள் ஓடியிருக்கிறார். “அலாஆஆரம்!” என்ற கத்தல் வந்ததும், கப்பலின் மூக்கைக் கீழே அமத்துவதற்காக எல்லாரும் முன்பக்கம் ஓடுவார்கள், கமராவும் கதவு வளையங்களுக்குள்ளால் புகுந்து பின்னால் ஓடும். நடிகர்கள் வெளிறித் தெரியவேண்டும் என்று வெயில் படாமல் வைத்திருந்தார்களாம். தாடி வளர்வதற்காகப் பெரும்பாலும் கதை ஒழுங்கிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். ஐந்து மணித்தியாலம் பார்க்கும்போது இந்தத் தாடிதான் நாட்காட்டி. ஜிப்ரால்டரில் 280 மீற்றர் ஆழத்தில் தரைதட்டி, ஆழமானியின் முள் கோடு தாண்டிப்போய், போல்ட்டுகள் துவக்குக் குண்டுபோலத் தெறிக்கிற இடத்தில் எங்கள் மகன் ஃபோனைத் தொடவில்லை.

சித்தப்பா இருந்ததால் எனக்குக் கிடைத்த இன்னொரு லாபம், எழுத்தில் வராததெல்லாம் வாயால் வந்தது. கப்டனை ஆட்கள் தங்களுக்குள் ‘டெர் அல்ட்ட’ என்பார்கள். “கிழவன் எண்ட மாதிரித்தான், ஆனா மரியாதையோட, நாங்கள் பெரிசு எண்ணுறமே, அது” என்றார். நடித்த யூர்கன் ப்ரொக்னோவுக்கு அப்போது நாற்பதுதான் இருக்கும். எழுத்து வரிகள் பாட்டுகளையும் வானொலிச் செய்திகளையும் பல இடத்தில் அப்படியே விழுங்கிவிடுகின்றன. இயந்திரப் பொறியியலாளர் ‘எல்.ஈ’ கொலோன் நகரில் பிரித்தானிய விமானங்கள் குண்டு போட்ட செய்தி கேட்டு முகம் கறுத்து நிற்பார், மனைவி அங்கே. ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சித்தப்பாவும் அந்த இடத்தில் மொழிபெயர்க்கவில்லை.

குறைகள் இருக்கின்றன. தொலைக்காட்சிக்குப் பிரித்த இடங்கள் தையல் மாதிரித் தெரிகின்றன, கதை ஓடிவந்து நின்று திரும்ப மூச்சு வாங்கித் தொடங்கும். வெர்னரின் மனக்குரல் இந்தப் பதிப்பில் அடிக்கடி வந்து, முகத்தைப் பார்த்தே தெரிகிற விஷயத்தைத் திரும்பச் சொல்கிறது, அரைவாசியை வெட்டியிருக்கலாம். கடலுக்கு மேலே தெரிகிற மாதிரிக் கப்பல் சில இடங்களில் கேணியில் விட்ட விளையாட்டுச் சாமான்தான். பெரிய குறை வேறு. இவர்கள் ஹிட்லரின் கடற்படை. படத்தில் பார்த்தால் ஒரேயொரு அதிகாரிதான் நாசி விசுவாசி, மற்றவர்கள் எல்லாரும் நல்ல பொடியன்கள், கப்டன் மேலிடத்தை நக்கலடிக்கிறார். இவ்வளவு வசதியாகவா இருந்திருக்கும்? புக்ஹைமுக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை, அமெரிக்கச் சண்டைப்படம் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று திட்டியவர். முழுப் பதிப்பில் அந்தச் சண்டைப்பட வாடை குறைகிறது, நல்ல பொடியன் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

ஆனால் எண்ணெய்க் கப்பல் காட்சி இந்தக் கணக்கை எல்லாம் குழப்பும். இவர்கள் அடித்த கப்பல் இரவிரவாக எரிகிறது, மேல்தளத்தில் இன்னும் ஆட்கள். தீப்பிடித்த உடம்போடு கடலில் குதித்து இந்தக் கப்பலை நோக்கியே நீந்தி வருகிறார்கள். ஏற்ற இடமில்லை. கப்டன் கப்பலைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார். மகன், “ஏன் அப்பா எடுக்கேல்லை?” என்றான். நான் சித்தப்பாவைப் பார்த்தேன், அவர் கச்சான் கோதைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆருக்குச் சொல்லலாம்? ஒரே இரவில் பார்க்க முடியாதவர்கள் தட்டு மாறுகிற இடத்தில் நிறுத்தி அடுத்த நாள் பார்க்கலாம், மூன்று இரவாகப் பிரிக்க வேண்டாம், காத்திருப்பு கலைந்துவிடும். எங்கள் ஊரில் நாற்பது தாண்டியவர்கள் சின்னப் பதிப்பைத் தேடிப் போகாமல் நேரே இதற்கே போகலாம் என்பது என் எண்ணம். இளம் ஆட்களுக்கு 1997 பதிப்பு போதும். பங்கர்ச் சத்தங்கள் இன்னும் நித்திரையைக் குழப்புகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துப் போடுங்கள், இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

முடிவைச் சொல்லப் போவதில்லை. கப்பலில் உல்மான் என்று ஒரு சின்னப் பொடியன், கரையில் ஒரு பிரெஞ்சுப் பெட்டையை விரும்புகிறான், அவள் பிள்ளைத்தாய்ச்சி, அவன் அனுப்ப வழியில்லாமல் கடிதம் எழுதி எழுதிச் சேர்க்கிறான். எழுத்தெல்லாம் ஓடி முடிந்து திரை கறுத்த பிறகு ஒருவரும் எழும்பவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

“தம்பி, அந்தப் பெட்டைக்கு எழுதின கடிதங்கள் போய்ச் சேர்ந்ததோ?”

“படத்தில காட்டேல்லை அண்ணி.”

“ம்” என்றுவிட்டு அம்மா கோப்பைகளைப் பொறுக்கினார். இந்த முறை சத்தம் வந்தது.