இங்கிலாந்தில் பௌத்த தியானம்: நீண்ட காலம் பழகியவளின் பார்வையில்

இங்கிலாந்தில் வாழும் ஒருவர் பௌத்த தியானம் கற்க விரும்பினால் இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. கைபேசிச் செயலி, மைண்ட்ஃபுல்னஸ் என்னும் விழிப்புணர்வுப் பயிற்சிக்கான எட்டு வார வகுப்பு, விபஸ்ஸனா என்னும் பத்து நாள் மௌனத் தியான முகாம், பிக்குகள் வாழும் மடாலயம் என்று நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. நான்கிலும் நுழைந்திருக்கிறேன். மகள் பிறப்பதற்கு முன்பு தொடங்கிய பழக்கம். அவள் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இத்தனை காலத்தில் எது என்னுடன் தங்கியது, எது உதிர்ந்தது, எது யாருக்கு ஆகும் என்பதை இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மகள் என்றாலும் லண்டனில் வளர்ந்தவள் நான். கோயிலுக்குப் போவோம், விரதம் பிடிப்போம். கண்ணை மூடி உட்காரும்படி வீட்டில் யாரும் கற்றுத் தந்ததில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேயரைப் போலவே நானும் நாற்காலியில் வளர்ந்த முழங்காலோடுதான் போனேன்.

செயலிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. தினமும் பத்து நிமிடம் உட்காரும் பழக்கத்தை அவை உண்டாக்கும். அதற்கு மேல் ஒரு கேள்வி எழுந்தால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

எட்டு வார வகுப்பு அப்படியல்ல. 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி அது. பௌத்தச் சொற்களை எடுத்துவிட்டு, மூச்சையும் உடலுணர்வையும் கவனிக்கும் முறையை மட்டும் வைத்துக்கொண்டார். அதிலிருந்து கிளைத்த ஒரு சிகிச்சையை, திரும்பத் திரும்ப மனச்சோர்வுக்கு ஆளாகிறவர்களுக்கு என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2004இலேயே பரிந்துரைத்தது. அந்தத் தேவை உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். ஆனால் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் பலன் தரும் மருந்தாக அதைக் கருத முடியாது. பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் பாடங்களைவிட மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு அந்தப் பிள்ளைகளின் மனநலத்துக்குக் கூடுதலாக எதையும் தரவில்லை. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஆட்குறைப்பு நடந்த சமயத்தில்தான் மதிய இடைவேளைத் தியான வகுப்பையும் தொடங்கினார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. மூன்று பேரின் வேலையை ஒருவர் தாங்கிக்கொள்வதற்காகப் புத்தர் மூச்சைக் கவனிக்கச் சொல்லவில்லை.

அடுத்தது விபஸ்ஸனா முகாம். ஹெரஃபர்ட்ஷயரில் உள்ள தம்ம தீப மையத்துக்குப் போனேன். மாண்டலேயில் 1924இல் பிறந்த வணிகர் எஸ்.என். கோயங்கா, சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின்னிடம் கற்று, 1969 முதல் இந்தியாவில் கற்பித்த முறை இது. உலகம் முழுக்க இந்த மையங்களின் நாளொழுங்கு ஒன்றே. அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கணையும். நடுவே ஏறத்தாழ பத்து மணி நேரம் தியானம். பேச்சில்லை, புத்தகமில்லை, எழுதக் கூடாது, கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்று நாள் மூக்கின் வாசலில் மூச்சை மட்டும் கவனிக்கிறோம். நான்காம் நாளிலிருந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை உடலுணர்வுகளைக் கவனிக்க வேண்டும். நாளுக்கு மூன்று தடவை ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் இருக்க முயல வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும் உண்டு. முன்பே முகாம் முடித்தவர்களுக்கு எலுமிச்சை நீர் மட்டும்.

பலன் இருந்தது. முழங்கால் வலி ஒரே கட்டியாக இல்லாமல் சூடாகவும் துடிப்பாகவும் இழுப்பாகவும் பிரிந்து, ஒவ்வொன்றும் தோன்றி மறைவதை நேரில் கண்டேன். தமிழ்ப் பள்ளியில் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவள்தான். என் உடம்புக்குள்ளேயே அதைப் பார்த்தது அந்த மண்டபத்தில். கட்டணம் கிடையாது, முகாமை முழுதாக முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள். இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். சிக்கல் வீடு திரும்பிய பிறகுதான். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். கைக்குழந்தையை வைத்திருப்பவளுக்கு அது நடக்கிற காரியமில்லை. நடக்காத ஒவ்வொரு நாளும் தியானம் இன்னும் தூரமாகப் போனது.

அந்த நிலையில்தான் அமராவதிக்குப் போகத் தொடங்கினேன். ஹெர்ட்ஃபர்ட்ஷயரில், ஹெமல் ஹெம்ஸ்டெட் நகருக்கு வெளியே உள்ள மடாலயம். சியாட்டிலில் 1934இல் பிறந்து, வடகிழக்குத் தாய்லாந்தின் காட்டில் அஜான் சாவிடம் பிக்குவாகப் பயின்ற அஜான் சுமேதோ 1984இல் நிறுவியது. பழைய பள்ளி முகாம் ஒன்றின் மரக் கட்டடங்களில் அதைத் தொடங்கினார்கள். சனிக்கிழமை பிற்பகலில் புதியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு அதற்குப் போவேன்.

அங்கே உள்ள பிக்குகளும் பெண் துறவியரும் பணத்தைத் தொடுவதில்லை. நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. தாங்களாக எடுத்துச் சமைத்து உண்பதும் இல்லை. யாராவது கையில் கொடுக்க வேண்டும். அதாவது மக்கள் வராவிட்டால் அந்த மடாலயம் ஒரு நாள்கூட ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தாய்லாந்துக் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் பெரிய பெரிய பாத்திரங்களோடு சமையலறைப் பக்கம் போவார்கள். ஆங்கிலேயர் பலர் நேராகத் தியான மண்டபத்துக்குப் போய்த் தங்கள் மெத்தையைத் தேடுவார்கள்.

முதலில் எனக்கு மண்டபம்தான் உண்மையான பௌத்தமாகத் தெரிந்தது. போகப் போக அது மாறியது. பௌத்த மரபு இல்லறத்தாருக்குச் சொல்லும் வரிசை தானம், சீலம், பாவனை: முதலில் கொடுத்துப் பழகு, பிறகு நடத்தையைச் சீராக்கு, அதன் மேல் மனத்தைப் பயிற்று. மேற்கில் நாங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். ஆசியாவிலும் சாதாரண மக்கள் திரளாக உட்கார்ந்து தியானம் செய்வது பழைய வழக்கமில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் பர்மிய மன்னராட்சி வீழ்ந்த பிறகு, லெடி சயடோ போன்ற பிக்குகள் இல்லறத்தாருக்கும் அதைக் கற்பித்ததால் பரவிய இயக்கம் அது. பாத்திரத்தோடு வரும் அந்தத் தாய்மார் தியானம் செய்வதில்லை என்பதால் அவர்கள் பௌத்தத்தின் விளிம்பில் நிற்பவர்கள் என்று எண்ணும் ஆங்கிலேயர்களைச் சந்தித்திருக்கிறேன். அது முழுத் தவறு.

ஐந்து சீலங்களை, அதாவது ஐந்து நடத்தை உறுதிமொழிகளை, வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொண்டது எனக்கு முகாமைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது. குறிப்பாகப் பேச்சைப் பற்றிய நான்காவது சீலம். பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரமும் அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வேலையிலேயே போய்விடும். அலுவலகத்தில் ஒருவரைப் பற்றிப் புறம் பேசிய நாளின் இரவுத் தியானம் அவரோடு நடக்கும் வாதமாகவே இருக்கும். பேச்சைக் கட்டிய நாட்களில் மூச்சு தானாகவே நீள்கிறது. இதை எந்தச் செயலியும் எனக்குச் சொல்லவில்லை.

இனி, தமிழ் வாசகர்களிடம் மறைக்கக் கூடாத பகுதி. "பிள்ளை, உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்று அம்மா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இலங்கையின் 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அந்தப் பெயரால் நடந்தவற்றை எங்கள் குடும்பம் பட்டு அனுபவித்திருக்கிறது. சிறுவயதில் லண்டன் விசாவுக்காகக் கொழும்பு வெள்ளவத்தை லாட்ஜ் ஒன்றில் காத்திருந்தபோது விடியற்காலையில் ஒலிபெருக்கியில் பிரித் என்னும் பௌத்த ஓதல் கேட்கும். கீழே வீதியில் அடையாள அட்டையைக் கேட்டு நிறுத்துவார்கள். அமராவதியில் "நமோ தஸ்ஸ" என்னும் புத்த வணக்கத்தை ஆங்கிலேயர்கள் ஓதத் தொடங்கியபோது என் வயிறு கல்லாக இறுகியது. அங்கிருந்த பெண் துறவி ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஓத வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள், வயிறு இறுகுவதை அறிந்துகொண்டிருங்கள், முடியாவிட்டால் எழுந்து போய் நடங்கள் என்றார். பௌத்தத்துக்காக வாதாடவில்லை, என்னைத் தேற்றவும் முயலவில்லை. நான் தொடர்ந்து போனதற்கு அந்தப் பதில்தான் காரணம்.

மெத்தா என்னும் அன்புத் தியானத்தில் இது இன்னும் கூர்மையாக வந்தது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் அதற்கு ஒரு வரிசை தருகிறது: முதலில் தன்னிடம், பிறகு மதிப்புக்குரியவரிடம், அன்புக்குரியவரிடம், உறவோ பகையோ இல்லாதவரிடம், கடைசியாகப் பகைவரிடம். தன்னிடம் அன்பு கொள்வது எளிது என்பது அந்த நூலின் கணக்கு. மேற்கில் அந்த முதல் படியே பலருக்கு வழுக்குகிறது. 1990இல் தரம்சாலாவில் நடந்த சந்திப்பில், தன்னையே வெறுப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அமெரிக்க ஆசிரியை ஷேரன் சால்ஸ்பெர்க் கேட்டபோது, அது என்ன என்று தலாய் லாமா வியந்து திருப்பிக் கேட்டார். இதனால் இங்கே பல ஆசிரியர்கள் நமக்கு நன்மை செய்த ஒருவரில் தொடங்கி, தன்னைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். எனக்கு முதல் படி சிரமமாக இல்லை. கடைசிப் படியில் வகுப்பிலிருந்த மற்றவர்கள் மேலாளரையோ பிரிந்த கணவரையோ நினைத்தார்கள். எனக்கு வந்தது ஒரு சீருடை. வலிந்து அன்பை வரவழைக்க வேண்டாம், அந்தப் படிக்கு இப்போது போகவே தேவையில்லை என்று ஆசிரியர் தடுத்தார். பகைவரிடம் தொடங்கக் கூடாது என்பது விசுத்திமக்கத்திலும் உள்ள எச்சரிக்கைதான். இன்றும் நான் அந்தப் படியில் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று என்னை யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

சமையலறையில் ஒரு சிங்கள அம்மா பக்கத்தில் நின்று காய் வெட்டியிருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அதற்கு மேல் பேசவில்லை. பேசாததால் எதுவும் தீர்ந்துவிடவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளிலும் அதே மேசையில் காய் வெட்டினோம்.

எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. அமராவதி பின்பற்றும் அஜான் சாவின் காட்டுமரபில் பெண்களுக்குப் பிக்குகளுக்கு நிகரான முழுத் துறவு நிலை இல்லை. 2009இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே அதே மரபின் அஜான் பிரம் பெண்களுக்கு முழு பிக்குணித் துறவு கிடைக்கத் துணை நின்றதற்காக, அவருடைய மடாலயத்தைத் தாய்லாந்துத் தாய்மடாலயம் தன் குடும்பத்திலிருந்து விலக்கியது. எனக்கு மிகத் தெளிவாக வழிகாட்டியவர்கள் பெண்கள். அவர்கள் வரிசையில் பின்னால் உட்காருவதைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை.

இப்போது என் பழக்கம் எளியது. காலையில் வீடு எழும்புவதற்கு முன் அரை மணி நேரம், மரத்தாலான சிறு முட்டுப்பலகையில் மண்டியிட்டு உட்காருகிறேன். முழங்காலுக்கு மெத்தையைவிட அதுவே நல்லது. வேலைக்குப் போகும் வழியில் ரயில் நிலையம்வரை பாதங்களைக் கவனித்து நடக்கிறேன். முழுநிலா நாளுக்கு அருகில் வரும் ஞாயிற்றில் உணவு சமைத்துக்கொண்டு மடாலயத்துக்குப் போகிறேன். கோயிலையும் விடவில்லை. நல்லூர்க் கந்தன் படம் இருக்கும் அறையில்தான் உட்காருகிறேன். யாரும் என்னை மதம் மாறச் சொன்னதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் பத்து நாள் முகாமை முதல் படியாக வைக்காதிருப்பது நல்லது. போரையும் இடப்பெயர்வையும் உடம்பில் சுமக்கும் நம்மவர்களுக்கு இதை இரட்டிப்பு அழுத்தத்தோடு சொல்கிறேன். நீண்ட மௌனத்தில் பழைய பயம் திரும்பி வரலாம். தியானத்தால் அச்சமும் தூக்கமின்மையும் நினைவுக் குமுறலும் வருவதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வேறொரு மையத்தில் ஆறாம் நாள் நடுங்கத் தொடங்கியபோது, தொடர்ந்து கவனியுங்கள் என்றே சொல்லப்பட்டது. வீடு திரும்பித் தேற அவருக்கு மாதங்கள் ஆயின. விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒரு மாலை வகுப்பில் தொடங்குங்கள். கண்ணைத் திறந்து நடக்கும் தியானத்தை முதலில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். தலைக்குள் நடப்பதை நீங்கள் எடுத்துச் சொல்ல நேரில் ஓர் ஆசிரியர் இல்லாத இடத்தில் பணமோ விடுப்போ செலவழிக்காதீர்கள். வயிறு இறுகினால் எழுந்து வெளியே போகும் உரிமை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.