ஆன்டெனா என்று சொல்லிக் கொடிக்கம்பை விற்றார்கள்: 14,800 ரூபாய் போச்சு, ஜீப்காரர்கள் உஷார்

14,800 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இதையேதான் புலம்பப் போகிறேன். ஜீப்பில் சி.பி. ரேடியோ (வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற வயர்லெஸ் செட்) போட நினைக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என்ன ஆன்டெனா வாங்குவது, வண்டியில் எங்கே மாட்டுவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் வண்டி 2014 மாடல் மஹிந்திரா தார் ஜீப். துணி டாப்பைக் கழற்றிவிட்டு எஃப்.ஆர்.பி. டாப், அதாவது ஃபைபர் கூரை, போட்டிருக்கிறேன். (இந்த டாப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கோபி, சத்தி, அந்தியூர் என்று நாங்கள் ஐந்து வண்டிக்காரர்கள். மாதம் ஒருமுறை தெரிந்தவர் தோட்டத்தில், ஓடையில் வண்டியை இறக்கிச் சேறு பூசிக்கொண்டு வருவோம். மலையோரத்தில் செல்போன் எடுக்காது. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு "பள்ளம் கெடக்குது, எடது பக்கம் ஒடிச்சு வா" என்று சொல்ல ரேடியோ இருந்தால் தேவலை. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் விட்டிருப்பது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள். 40 சேனல் செட் வைத்திருப்பவர்கள் 27ஆம் சேனலோடு நின்றுகொள்ள வேண்டும். செட் என்னிடம் இருந்தது. பழசுதான், ஆனால் கல்லு மாதிரி. ஆன்டெனாதான் இல்லை.

கடை கோவையில். பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. சீட் கவர், ஹாரன், ஃபாக் லேம்ப் விற்கிற கார் ஆக்சஸரீஸ் கடை. கண்ணாடி ஓரத்தில் 'வயர்லெஸ் ஃபிட்டிங்' என்று ஒரு ஸ்டிக்கர். ஓனருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. "ஏனுங் தம்பி வெயில்ல நிக்கறீங்க, உள்ளார வாங்க" என்றார். டீ வந்தது. எந்த ஊர் என்று கேட்டார். கோபி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க அம்மிச்சி ஊரு கவுந்தப்பாடிங்க! நம்ம பக்கத்துப் பையனா நீங்க?"

அவ்வளவுதான். அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) ஊர் என்று ஒருவர் சொன்ன பிறகு நான் எங்கே விலை பேசுவது? இப்போது யோசித்தால், தாராபுரத்துக்காரன் போயிருந்தால் அம்மிச்சி ஊர் தாராபுரமாக மாறியிருக்கும்.

கறுப்பாக, நாலடி நீளத்தில் ஒரு ஃபைபர் கம்பு எடுத்து வந்தார். "உள்ளார காயில் சுத்துனதுங்க, எஸ்டேட் ஜீப்புக்கெல்லாம் இதுதான் போட்டுக் குடுக்கறேன்" என்றார். கம்பு 6,500. ஸ்பிரிங்கும் ஸ்டாண்டும் 2,300. கேபிள் 1,200. மாட்டுக்கூலி 1,800. 'ட்யூனிங்' என்று 3,000. மொத்தம் 14,800 ரூபாய். டாப்பில் நடுவாக ஓட்டை போட்டு மாட்டினார்கள். "ஒசரமா இருந்தாத்தானுங்க எட்டும்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

நான் முழுதாக விழுந்த இடம் அதற்கு அப்புறம். ஒரு சின்ன மீட்டரைக் கொண்டுவந்து செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் சொருகி மைக்கை அழுத்தினார். முள் 1.2-இல் நின்றது. எஸ்.டபிள்யூ.ஆர். (செட் அனுப்புகிற சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுகிற எண்) 1.5-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3-ஐத் தாண்டினால் செட்டுக்கு ஆபத்து என்று நான் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்த எண்ணும் பார்த்த எண்ணும் ஒத்துப்போனதும் என் வாய் அடைத்துவிட்டது. வேலை செய்கிற பையன் ஒரு கையடக்க செட்டோடு தெருமுனைக்குப் போய் "ஹலோ ஹலோ" என்றான். கேட்டது. தெருமுனைக்கு ஆணியை மாட்டினாலும் கேட்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. பில் கேட்டேன். "ஜி.எஸ்.டி. போட்டா இன்னும் சேருமுங்க, எதுக்குங் தம்பி?" என்று எஸ்டிமேட் தாளில் எழுதித் தந்தார். வரி மிச்சம் என்று நானும் சரி சொன்னேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. முன்வண்டி நான். கடைசி வண்டி ஓடைச் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. அவன் கூப்பிட்டிருக்கிறான், எனக்குக் கரகரப்புதான். நான் கூப்பிட்டதும் அவனுக்குப் போகவில்லை. நடுவில் இருந்தது அரை கிலோமீட்டர்கூட இல்லை. மற்ற நாலு வண்டியும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பேசுகின்றன, என் செட் மட்டும் ஊமை. மைக்கை அழுத்தி அழுத்தி முக்கால் மணி நேரம். செட்டின் முதுகு தோசைக்கல் மாதிரி சுட்டது. அப்புறம் அழுத்தினால் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, வெளியே எதுவும் போகவில்லை.

திங்கள் காலை கடைக்குப் போன் அடித்தேன். "மலைன்னா அப்படித்தானுங்க." தோப்புங்க, சமதரை என்றேன். "தென்னை மரம் இழுத்துக்குமுங்க." மற்ற நாலு வண்டிக்கு இழுக்கவில்லையே என்றேன். "உங்க செட்டுப் பழசுங்க தம்பி." செவ்வாய்க்கிழமை நேரில் போனேன், அரை நாள் லீவும் டீசலும் தண்டம். ஓனர் திருப்பதி போயிருக்கிறாராம். சாயந்திரம் நான் கிளம்பும்போது அதே ஓனர் எதிர்ப் பேக்கரியில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தார். பிடித்துக் கேட்டால், "நோம்பி முடிஞ்சு வாங்க, பாத்துத் தர்றேன்." எந்த நோம்பி (பண்டிகை) என்று சொல்லவே இல்லை. புதன்கிழமை வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் தாளை அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது, பிறகு அவர் போட்டோவே காணாமல் போய்விட்டது.

நேற்று ஈரோட்டில் ஓர் அண்ணனிடம் போனேன். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர். தன் மீட்டரைப் போட்டார், முள் சிவப்பைத் தாண்டி ஓடியது. "முதல்ல இந்தக் குமிழைத் திருகி முள்ளைக் கோட்டுக்குக் கொண்டாந்து நிறுத்தணும் கண்ணு. அதைக் கம்மியா வெச்சுட்டு அளந்தா எந்தக் கம்பும் நல்ல கம்புதான்" என்றார். அந்த 1.2 வந்த கதை இதுதான். அதற்குத்தான் 3,000.

கம்பின் மேல் உறையைப் பிளேடால் கிழித்தார். காயிலும் இல்லை, ஒரு கத்தரிக்காயும் இல்லை. நேராக ஒரே ஒரு கம்பி. 27 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால்வாசி, அதாவது ஒன்பதடிக்கு மேல் கம்பி வேண்டும். நாலடிக்குள் அடக்க வேண்டுமென்றால் சுற்றித்தான் ஆக வேண்டும். இது கொடி கட்டுகிற கம்புக்குள் செருகிய வயர். கேபிளின் உறையை உருவினால் டிஷ் டிவி கேபிள், 75 ஓம். செட் கேட்பது 50 ஓம். அதோடு ஆன்டெனாவுக்கு அடியில் இரும்பு வேண்டும், வண்டியின் பாடிதான் அதற்குப் பாதி ஆன்டெனா. என் டாப்போ எஃப்.ஆர்.பி. ஸ்டாண்டிலிருந்து பாடிக்கு எர்த் வயர்கூட இழுக்கவில்லை. "செட்டுல ஃபைனல் டிரான்சிஸ்டர் போயிருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார் அண்ணன். அதாவது சிக்னலை வெளியே அனுப்புகிற பாகமே போச்சு.

இன்று காலை வேறு நம்பரிலிருந்து கடைக்குப் பேசினேன். "கம்பைக் கழட்டிக் கொண்டாங்க, 1,500 தர்றேன்." 14,800-க்கு 1,500! அம்மிச்சி ஊர் எங்கே என்று கேட்டேன், வைத்துவிட்டார். 1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது எஸ்டிமேட் தாளும் ஜிபே ரசீதும்தான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன் அல்லவா, இப்போது மனசில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: கேபிளில் ஆர்.ஜி. 58 அல்லது ஆர்.ஜி. 8எக்ஸ் (இரண்டும் 50 ஓம் ரகம்) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டாண்டை இரும்பு பாடியில் மாட்டி, அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டச் சொல்லுங்கள். நடு போல்டும் பாடியும் ஒட்டாமல் நைலான் வாஷர் இருக்க வேண்டும். எஃப்.ஆர்.பி.யில்தான் மாட்ட வேண்டுமென்றால் கிரவுண்ட் பிளேன் (அடியில் இரும்புப் பரப்பு) தேவைப்படாத ரகம் என்று கேட்டு அதற்குரிய கேபிளோடு வாங்குங்கள். மீட்டரை நீங்களே கொண்டுபோங்கள். 1ஆம் சேனலில் எஸ்.டபிள்யூ.ஆர். அதிகமாக இருந்தால் கம்பு குட்டை, மேல் சேனலில் அதிகமென்றால் நீளம். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நேற்று ராத்திரி கோபியில் நல்ல மழை. கம்பைக் கழற்றிய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிப் பின் சீட் ஊறிவிட்டது. எம்-சீல் வாங்கப் போகிறேன்.