ரைசோபியமா, அசோஸ்பைரில்லமா: எந்தப் பயிருக்கு எந்த நுண்ணுயிர்?

உயிர் உரம் என்ற ஒரே பெயரில் கிடைப்பதால், ரைசோபியம், அசோஸ்பைரில்லம், அசோடோபாக்டர், பாஸ்போபாக்டீரியா ஆகிய நான்கு வகை பாக்டீரியாக்களில் எதை இட்டாலும் ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இவற்றின் வேலையும் வேறு, அந்த வேலைக்கான ஆற்றலைப் பெறும் வழியும் வேறு.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்றாலும், அதன் ஒரு மூலக்கூற்றை அம்மோனியாவாக மாற்றக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அதைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதியோ ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். இந்த இரு நெருக்கடிகளையும் ரைசோபியத்துக்காகப் பயறுச் செடியே தீர்த்து வைக்கிறது. வேரில் முடிச்சு கட்டி இடம் தருகிறது, இலையில் உருவாகும் உணவில் பங்கு அனுப்புகிறது, லெக்ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதத்தால் ஆக்சிஜனை அளவோடு நிறுத்துகிறது. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் மெல்ல அலசி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து (செடிக்கு உதவும் நைட்ரஜன்) உருவாகிக்கொண்டிருக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சால் பயனில்லை. நான்கில் இப்படிக் கண்ணாலேயே சோதிக்கக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இதன்மேல் தனி நம்பிக்கை உண்டு.

ஆனால் இதற்கு இனப் பொருத்தம் கட்டாயம். சோயாவுக்குரிய பிராடிரைசோபியம் என்னும் வகை கொண்டைக்கடலையில் முடிச்சு கட்டாது. அதற்கு மீசோரைசோபியம் வேண்டும். மண்ணில் யூரியா மிகுந்தாலும் முடிச்சுகள் குறைந்துவிடும். அதே பயறு ஆண்டுக்கணக்கில் விளைந்த நிலத்தில் பொருத்தமான பாக்டீரியா ஏற்கெனவே நிறைந்திருக்கக்கூடும் என்பதால், புதிதாக இடுவதன் பலன் அங்கே கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

நெல், மக்காச்சோளம், சிறுதானியங்களுக்கு அசோஸ்பைரில்லம் ஏற்றது. இதற்கு முடிச்சு என்னும் வீடு கிடையாது. வேரின் மேற்பரப்பிலும் திசுக்களின் இடைவெளிகளிலும், வேர் கசியவிடும் உணவை நம்பி வாழ்கிறது. ஆகவே இது சேர்க்கும் நைட்ரஜன் ரைசோபியத்தை எட்டாது. இதன் பெரும் பயன், இண்டோல் அசிட்டிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து பக்கவேர்களையும் வேர்த்தூவிகளையும் பெருக்குவதில்தான் இருக்கிறது. அப்படிப் பெருகிய வேர் நீரையும் சத்துகளையும் கூடுதலாக உறிஞ்சுகிறது. இதை நம்பித் தழைச்சத்து உரத்தை அடியோடு நிறுத்துவது பயிரைப் பட்டினி போடுவதாகும்.

1901இல் நெதர்லாந்து நுண்ணுயிரியலாளர் பெய்ஜரிங்க் விவரித்த அசோடோபாக்டர், செடியைச் சாராமல் மண்ணில் தனித்து வாழ்வது. வேகமாகச் சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்ப்பதற்கே நிறைய உணவை எரிப்பதால், மட்கு குறைந்த மண்ணில் இதனிடம் அதிகம் எதிர்பார்க்க இயலாது.

பாஸ்போபாக்டீரியாவை இவற்றின் போட்டியாளர் என்று கொள்வதே பிழை. அது குளுக்கோனிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து, கால்சியத்தோடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துத் தருகிறது. மண்ணில் இல்லாத மணிச்சத்தை அதனால் உண்டாக்க முடியாது. நைட்ரஜன் நிலைப்படுத்தலுக்கு மணிச்சத்து மிகுதியாகத் தேவைப்படுவதால், பயறுகளுக்கு ரைசோபியத்தோடு இதையும் சேர்த்து இடுவதையே நான் விரும்புவேன்.

எதைத் தேர்ந்தாலும் பொட்டலத்தில் இருப்பவை உயிருள்ள செல்கள். காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, பூஞ்சணக்கொல்லியோடு கலக்காமல் விதைமேல் பூசி விதைநேர்த்தி செய்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்திய விதையை அன்றே ஈர மண்ணில் விதைத்துவிட வேண்டும்.